பூதக்கண்ணாடியும் மூன்றாம் மேஜையும்

வீட்டைப் பூட்டினால் அந்த மனிதர் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பார். வருஷக்கணக்காக இப்படி இழுத்ததில் ஒருநாள் பூட்டு கொண்டியோடு கையில் வந்துவிட்டது. "பாத்தியா, இந்தப் பூட்டை நம்ப முடியாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் மனைவியிடம். "நீங்க இழுத்து இழுத்துத்தான் அது வந்துச்சு" என்றாள் அவள். அவருக்கு அது காதில் ஏறவில்லை.

ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில், பாட்டில்களைச் சோதிக்கும் பகுதிக்கு அவர் சூப்பர்வைசர். முகத்துக்கு முன்னால் எல்லாருக்கும் அவர் 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி'. அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். யார் வைத்தது என்று மூன்று மாதம் துப்புத் துலக்கினார். காவலாளி, ஸ்டோர் கீப்பர், லிஃப்ட் இயக்குபவர் என்று ஒருவரையும் விடவில்லை. வைத்தது அதே பகுதியில் வேலை பார்த்த அவருடைய சொந்த அக்கா. அந்தப் பக்கம் மட்டும் அவர் திரும்பியே பார்க்கவில்லை.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர் இல்லை அவர். இருபது வயதில் சேர்ந்த முதல் வேலையில் பக்கத்து நாற்காலி நண்பன், "நான் பாத்துட்டேன், நீ கையெழுத்துப் போடு" என்றான். போட்டார். அவன் பார்க்கவே இல்லை. சரக்கு முழுதும் திரும்பி வந்தது. கையெழுத்து இவருடையது என்பதால் இவருக்குத்தான் வேலை போயிற்று. நண்பன் அங்கேயே இருந்து பதவி உயர்வும் வாங்கினான். அன்றைக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது இனி எவனையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். அந்த முடிவுக்கு இப்போது இருபத்தேழு வயது.

பகுதியில் ஆறு மேஜைகள். மேஜைக்கு இரண்டு பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு விளக்கு, விளக்குக்குப் பின்னால் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் ஒரு பலகை. பாட்டிலை எடுத்து ஒரு சுழற்றுச் சுழற்றி, கறுப்புக்கு எதிரே பிடித்தால் வெள்ளை இழை ஏதாவது மிதந்தால் தெரியும். வெள்ளைக்கு எதிரே பிடித்தால் கறுப்புத் துகள் தெரியும். நல்லதை ட்ரேயில் வைக்க வேண்டும், கெட்டதைத் தன் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். முதல் இருக்கைக்காரி பார்த்து முடித்த ட்ரேயைப் பின் இருக்கைக்காரி மறுபடி பார்ப்பாள். ஒரு ட்ரேயில் நூறு பாட்டில். நாளுக்கு இருபத்து நான்கு ட்ரே என்பது கணக்கு. ஒருத்தி அசந்தால் இன்னொருத்தி பிடிப்பாள் என்பதற்காகத்தான் இரண்டு பேர்.

இரண்டு பேரும் அசந்தால்? இந்தக் கேள்விதான் பூதக்கண்ணாடிக்கு உயிர். அதற்காக அவர் தினமும் காலையில் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சில பாட்டில்களில் வேண்டுமென்றே ஒரு நூலோ துகளோ போட்டு, கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கருவியால் மூடியை அழுத்தி மூடுவார். அடியில் கண்ணுக்குத் தெரியாத மையால் ஒரு புள்ளி. அறையில் இருக்கும் ஊதா விளக்கில் காட்டினால் மட்டும் புள்ளி பளிச்சென்று தெரியும். முதல் இருக்கைக்குப் போகும் ட்ரேக்களில் ஐந்து, இரண்டு இருக்கைக்கும் நடுவில் காத்திருக்கும் ட்ரேக்களில் ஐந்து என்று பூனை மாதிரி வந்து செருகிவிட்டுப் போவார். மாலையில் சிவப்புப் பெட்டிகளைக் கொண்டுபோய் ஊதா விளக்கில் பார்த்து, யார் எத்தனை பிடித்தார்கள் என்று எழுதுவார். தப்பிப்போன பாட்டில் இருந்தால் அதுவும் நல்ல ட்ரேயிலிருந்து பொறுக்கப்பட்டுவிடும், வெளியே போகாது.

அவர் அவற்றைச் சோதனைப் பாட்டில் என்றார். பெண்கள் 'மாப்பிள்ளை' என்றார்கள். உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக அலங்காரம் பண்ணிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். "இன்னிக்கு எனக்கு மூணு மாப்பிள்ளை வந்தாச்சு" என்று சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொள்வார்கள்.

தகவல் பலகையில் ஒரு தாள் தொங்கும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு எண்கள். எத்தனை ட்ரே, எத்தனை சோதனைப் பாட்டில். குறைந்தால் சிவப்பு மையில் வட்டம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் சிவப்பு வட்டம் பெரியக்காவின் பெயரில் விழுந்தது. பெரியக்கா என்றால் பூதக்கண்ணாடியின் அக்கா. பகுதியில் எல்லாருக்குமே அவள் பெரியக்காதான். மூன்றாம் மேஜையில் பின் இருக்கை. வயது ஐம்பத்து நான்கு. கணவர் போன பிறகு தம்பிதான் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஐந்துக்கு ஐந்து பிடித்துக்கொண்டிருந்தவள் ஐந்துக்கு இரண்டு, ஐந்துக்கு ஒன்று என்று இறங்கினாள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று, நடுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் அவள் கையில் எச்சரிக்கைக் கடிதத்தைக் கொடுத்தார் தம்பி. இன்னொரு முறை குறைந்தால் வேலை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அவள் அதை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இருக்கைக்குப் போனாள்.

அடுத்த வாரமே ஐந்துக்கு ஐந்து. அதற்கப்புறம் ஒருநாள்கூடத் தவறவில்லை. பூதக்கண்ணாடி இதை மேனேஜரிடம் கூட்டத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். "ஒரே ஒரு லெட்டர் சார். கண்ணு தானா தெறந்துக்கிச்சு" என்றார்.

ஆனால் அதே மாதத்திலிருந்து அதே மேஜையின் முதல் இருக்கை மெதுவாகத் தொடங்கியது. அங்கே இருந்தவளுக்குக் கழுகு என்று பெயர். பத்து வருஷ அனுபவம். ஒரு தலைமுடியின் கால்வாசி மிதந்தாலும் பிடித்துவிடுவாள். இருபத்தைந்து, இருபத்தாறு ட்ரே என்று பறந்துகொண்டிருந்தவள் இருபதுக்கு வந்தாள், பதினெட்டுக்கு வந்தாள், பதினாறில் நின்றாள். மூன்று மாதமாகச் சிவப்பு வட்டம் அவள் பெயரை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். மேலே பெயர் எழுத ஒரு கோடு. கீழே 'காரணம்' என்று போட்டு மூன்று கட்டங்கள்: கவனக்குறைவு, திறமைக்குறைவு, ஒழுங்கீனம்.

"மூணாவது மேஜையால மொத்த லைனும் நிக்குது. சனிக்கிழமை மீட்டிங்ல இதைப் பூர்த்தி பண்ணிக் குடுத்துடுங்க. அந்தம்மாவை அனுப்பிடலாம்" என்றார்.

"குடுத்துடறேன் சார். ஆனா எந்தக் கட்டம்னு கண்டுபிடிக்கணும்" என்றார் பூதக்கண்ணாடி. அவருக்கு ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புவதில் வருத்தம் இல்லை. காரணம் தெரியாமல் அனுப்பினால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

கழுகு வீட்டில் சம்பாதிக்கும் கை அவளுடையது ஒன்றுதான். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இது அவருக்கும் தெரியும். அதனாலேயே கூடுதல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தேவை இருக்கிறவள் ஏன் வேலையை மெத்தனமாகச் செய்கிறாள்? வேறு எங்கோ பிடி கிடைத்திருக்கிறது. போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ நம் வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் பிடித்திருக்கிறான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். திங்கள் முழுதும் தூணுக்குப் பின்னால் நின்றார். அவள் போனைத் தொடவில்லை, பேசவில்லை, கொட்டாவிகூட விடவில்லை. ஒவ்வொரு பாட்டிலையும் கறுப்பில் பார்த்தாள், வெள்ளையில் பார்த்தாள். வைக்கப் போனவள் கையை நிறுத்தி, மறுபடி சுழற்றி, மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை. ஒரே பாட்டிலை இரண்டு தடவை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

செவ்வாயன்று பெரியக்காவைத் தனியாகக் கூப்பிட்டு வாயைப் பிடுங்கினார்.

"அக்கா, உன் மேஜைக்காரி எப்படி? ஏதாவது சொல்றாளா?"

"என்ன சொல்லுவா? வேலையப் பாக்குறா."

"உன்கிட்ட எதையாவது மறைக்கிறாளா?"

"எங்கிட்ட மறைக்க என்னடா இருக்கு" என்று அவள் வேறு பக்கம் பார்த்தாள். "அவளை விட்டுடு. நல்ல பொண்ணு."

அக்கா இளகிய மனசுக்காரி, அவளையும் கழுகு ஏமாற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் தம்பி.

புதன்கிழமை மாலை வேலை முடிந்ததும் கழுகைப் பின்தொடர்ந்தார். அவள் ஏறிய பஸ்ஸில் பின்வாசலில் ஏறினார். வீட்டுக்குப் போகும் நிறுத்தத்தில் அவள் இறங்காததைக் கண்டதும் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் நகர்ந்தார். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம். நான்கு நிறுத்தம் தள்ளி இறங்கினாள். எதிர்ச்சாரியில் ஒரு செருப்புக் கடை. பூதக்கண்ணாடி அதற்குள் நுழைந்து ஜோடி பார்ப்பது போல நின்றுகொண்டு தலையை நீட்டினார். அவள் நுழைந்தது ஒரு கண் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு வழியாகக் கவுண்டரில் நிற்பது தெரிந்தது. அங்கே இருந்த பெண் ஏதோ விளக்கிச் சொல்ல, இவள் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள்.

செருப்புக் கடைக்காரர் அதற்குள் அவர் காலில் ஒரு ஜோடியை மாட்டிவிட்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் வந்தாய் என்று சந்தேகப்படுவாரே என்று அதையே வாங்கிப் போட்டுக்கொண்டு, பழையதைக் கடையிலேயே மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். ஒரு அளவு சின்னது. நொண்டி நொண்டி வந்தவரை மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னிக்கு யார் பின்னாடி போனீங்க?"

"யார் பின்னாடியும் போகல."

"போன வருஷம் கேஸ்காரன் பின்னாடி போனப்ப ஒரு குடை வந்துச்சு. இந்தத் தடவை செருப்பா?"

அவருக்கு மனசுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. கழுகுக்குக் கண் போய்விட்டது. அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்ப்பது அதனால்தான். திறமைக்குறைவு என்ற கட்டத்தில் டிக் போட்டால் வேலை முடிந்தது.

வியாழக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாய் இருக்கும் நடைவழிக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் கண் பரிசோதனை அட்டை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்ன எழுத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் கோட்டில் நின்று அதைப் படிக்க வேண்டும்.

"படிங்க" என்றார்.

கழுகு அட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள்.

"சார், இந்த அட்டை நான் சேர்ந்ததுல இருந்து இங்கதான் தொங்குது. தண்ணி பிடிக்க வரப்பல்லாம் இதைத்தான் பாத்துட்டு நிக்கிறோம். எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

பூதக்கண்ணாடிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இத்தனை வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தில் நின்று 'தேர்ச்சி' என்று எழுதிக்கொண்டிருந்தது அவரேதான். விடுவாரா? கம்பெனி டாக்டரிடம் ஓடிப்போய் யாரும் பார்த்திராத புது அட்டை ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். கழுகு கோட்டில் நின்று கடைசி வரி வரைக்கும் படித்தாள். அதற்கும் கீழே அச்சகத்தார் பொடியாகப் போட்டிருந்த தேதியையும் சேர்த்துப் படித்தாள்.

"அப்புறம் எதுக்கு நேத்து கண் ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அவர் காலில் இருந்த புதுச் செருப்பைப் பார்த்தாள்.

"எனக்காகப் போகல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருக்கைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு மாலை ஊதா விளக்கின் முன்னால் உட்கார்ந்தவர் முதல் தடவையாகச் சோதனைப் பாட்டில்களை மட்டும் பொறுக்காமல் சிவப்புப் பெட்டிகளை முழுசாகக் கவிழ்த்தார். இத்தனை நாளும் புள்ளி உள்ளதை எடுத்து எண்ணிவிட்டு மற்றதை அப்படியே அழிக்க அனுப்பிவிடுவார். தாளில் அதற்கு இடம் இல்லை, அதனால் அவர் பார்த்ததும் இல்லை. கழுகின் பெட்டியில் புள்ளி வைத்த ஐந்து போக, நிஜமாகவே கெட்டுப்போன பாட்டில் இருபத்தொன்று இருந்தது. மற்ற மேஜைகளில் இரண்டு பேர் பெட்டியையும் சேர்த்தாலும் பத்தைத் தாண்டவில்லை. உதவாக்கரை என்று வீட்டுக்கு அனுப்பவிருந்த பெண் பகுதியிலேயே அதிகம் பிடித்திருக்கிறாள்.

பிறகு பெரியக்காவின் பெட்டியைக் கவிழ்த்தார். ஐந்து பாட்டில்கள் உருண்டன. ஐந்திலும் ஊதாப் புள்ளி. ஆறாவதாக ஒன்றுகூட இல்லை.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்ற பெட்டிகளில் எல்லாம் ஏதோ ஒரு கண்ணாடிக் கீறல், ஒரு காற்றுக் குமிழி, தப்பாகச் சந்தேகப்பட்டுப் போட்ட நல்ல பாட்டில் என்று நாலு குப்பை கிடந்தது. கண்ணால் பார்க்கிறவள் பெட்டி அப்படித்தான் இருக்கும். இவள் பெட்டியில் மட்டும் அவர் வைத்தது மட்டுமே இருந்தது. ஐந்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். மூடியின் ஓரத்தை விரல் வருடியபோது லேசான பிசிறு தட்டுப்பட்டது. அவருடைய கைக்கருவி விட்ட பிசிறு. மெஷினில் மூடிய பாட்டில் எதிலும் அது இல்லை.

அன்று இரவு அவர் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை என்பதை மனைவி கவனித்தாள். என்ன என்று கேட்டாள். தலைவலி என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தார். ஒரு பாட்டிலில் நன்றாகக் கறுப்பான, எறும்பு நீளத்துக்கு ஒரு நூலைப் போட்டு, மெஷின்காரரைக் கெஞ்சி மெஷினிலேயே மூடி வாங்கினார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போன பிறகு, மேஜையிலேயே உட்கார்ந்திருந்த பெரியக்காவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

அவள் பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்தாள். தலையைச் சாய்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள், பார்ப்பவர் பார்ப்பது போலவே எல்லாம் செய்தாள். நூல் அவள் மூக்குக்கு நேரே மிதந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் மூடியின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "நல்ல பாட்டில்தான்" என்று ட்ரேயில் வைத்தாள்.

தம்பி சரி என்றும் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. அவள் கை மறுபடி பாட்டிலுக்குப் போயிற்று. மூடியை இன்னொரு சுற்றுத் தடவினாள்.

"என்னடா, மெஷின்ல மூடிட்டியா?"

அவர் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார். "எப்ப இருந்துக்கா?"

"ஒரு வருஷமா பனி விழுந்த மாதிரி. இப்ப சுத்தமா மூடிக்கிச்சு. உன் மூஞ்சிகூட ஒரு வெள்ளைத் துணி மாதிரித்தான் தெரியுது. குரலை வெச்சுத்தான் நீன்னு தெரியுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு ரெண்டாச்சு. லெட்டர் குடுத்த. ஏன் கொறஞ்சுதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டும் போன. அப்பவும் கேக்கல. எல்லாரையும் தோண்டித் துருவுவியே, என்னை மட்டும் ஏன்டா விட்டுட்ட?"

அவருக்கு அழுகை வந்தது. அவள் பார்க்கவில்லை என்பதால் துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்குத் தெரியும். லெட்டர் வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கிற வரைக்கும் பொறுத்துக்கோன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். சரின்னுட்டா. என் பங்கையும் சேத்து அவதான் பாக்குறா. எனக்கு மாப்பிள்ளை பிடிக்கத்தான் தெரியும்" என்றாள் பெரியக்கா.

கழுகு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மேஜையில் தம்பியும் அக்காவும் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். கை துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்களாவது வந்து சொல்லியிருக்கலாமே" என்றார் பூதக்கண்ணாடி.

"சொன்னா நம்பியிருப்பீங்களா சார்? நான் எதுக்காகச் சொல்றேன்னு மொதல்ல தேடியிருப்பீங்க. பெரியக்கா எடத்துக்கு எவளைக் கொண்டுவரப் பாக்குறேன்னு கேட்டிருப்பீங்க. நான் மெதுவாப் போனதுக்கே என் பின்னாடி பஸ் ஏறி வந்தவரு நீங்க." அவளுக்குக் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "எனக்குப் பின்னாடி பாக்க ஆள் இல்ல. நான் ஒண்ணு விட்டா அது யாரோ ஒருத்தர் ரத்தத்துக்குள்ள போகும். ரெண்டு தடவை பாக்காம என்ன பண்றது?"

சனிக்கிழமை கூட்டத்தில் படிவத்தை அப்படியே வெறுமையாக மேனேஜர் முன்னால் வைத்தார்.

"சார், இதுல டிக் போட எடமே இல்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். தொங்கிய அட்டை, தன் கைக்கருவியின் பிசிறு, எண்ணாமல் அழிக்க அனுப்பிய சிவப்புப் பெட்டி, அக்கா. மேனேஜர் முகம் வெளிறிப்போனது. எட்டு மாதச் சரக்கில் எடுத்து வைத்திருந்த மாதிரிப் பாட்டில்களை ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் வேறு மேஜைக்காரிகளோடு சேர்ந்து பூதக்கண்ணாடியே உட்கார்ந்து பார்த்தார். கெட்டது ஒன்றும் அகப்படவில்லை. ஒற்றை ஆளாகக் கழுகு காப்பாற்றியிருந்தாள். மேனேஜர் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெரியக்காவுக்குக் கண் ஆபரேஷனுக்காக மருத்துவ விடுப்பு. பின் இருக்கைக்கு ஐந்தாம் மேஜையிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் அன்றைக்குத்தான் கோட்டில் நின்று புது அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டியவள்.

கழுகு வேலையில் இருந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மூணு மாசம் என் பேரைச் சிவப்பு மையில வட்டம் போட்டுத் தொங்கவிட்டீங்க. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு எழுதிக் குடுக்கணும் சார். அதுவும் தொங்கணும்."

"எழுதறேன்" என்றார்.

எழுதுவது லேசாக இல்லை. அன்றாடம் ஒரு தாளை எடுப்பார், இரண்டு வரி எழுதுவார், கிழிப்பார். ஐந்து வாரம் இப்படி ஓடியது. இதற்கிடையில் மூன்றாம் மேஜையின் வேகம் பதினாறை விட்டு ஏறவில்லை. பத்து நாள் பொறுத்தார். தூணுக்குப் பின்னால் போய் நிற்கக் கால் துறுதுறுத்தது, போகவில்லை. கடைசியில் நேராக மேஜைக்கு எதிரே போய் நின்று, "ஏன் இன்னும் பதினாறு?" என்று கேட்டார்.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் கழுகு சந்தேகமாக.

"தெரிஞ்சுக்கத்தான்."

அவள் அவர் முகத்தை நன்றாக ஆராய்ந்தாள். அப்படி ஒருவர் பார்வையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "பின்னாடி புதுசா உக்காந்திருக்கறவங்க நெஜமாப் பாக்குறாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் காலை மெஷினில் மூடிய ஒரு சோதனைப் பாட்டிலை அவர் அவள் கையிலேயே கொடுத்தார். அவளே அதை ட்ரேயில் செருகி அனுப்பினாள். பின் இருக்கைக்காரி அடுத்த நிமிஷமே அதை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். கழுகு திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் விளக்குப் பக்கம் திரும்பினாள். அந்த வாரக் கடைசியில் இருபத்தைந்து ட்ரே.

பெரியக்கா வேலைக்குத் திரும்பும் நாள் காலையில் பூதக்கண்ணாடி எல்லாருக்கும் முன்னால் வந்து தாளை ஒட்டினார். தகவல் பலகையில் இடம் இருந்தது. ஆனாலும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம், பழைய கண் அட்டை தொங்கிய ஆணிக்குக் கீழே ஒட்டினார். எழுத்தோ பொடிப் பொடியாக இருந்தது. வெட்கத்தில் கை அவ்வளவு சின்னதாகத்தான் எழுதியது. கூடிய பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. கழுகு மட்டும் எட்டிப் பார்க்காமல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பெரியக்கா வந்தாள். நடைவழிக் கோட்டருகில் வந்ததும் நின்றாள். முதலில் தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா இவ்வளவு நரைச்சுட்ட?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

"மூன்றாம் மேஜையின் முதல் இருக்கையில் இருப்பவர் எட்டு மாதம் மெதுவாக வேலை செய்தார். அவர் சோம்பேறி அல்ல. பின் இருக்கையில் இருந்தவருக்குக் கண் தெரியாததால் இருவர் வேலையை ஒருவராகச் செய்தார். பின் இருக்கையில் இருந்தவருக்குப் பார்வை குறைந்தபோது நான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். முன் இருக்கையில் இருந்தவருக்கு வேகம் குறைந்தபோது பின்தொடர்ந்து போனேன். ஏன் குறைந்தது என்று இருவரிடமும் நான் கேட்கவில்லை."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கழுகு தண்ணீர் நிரம்பிய பாட்டிலை மூடி, ஓரமாக வைத்தாள்.

"பெரியக்கா, கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

பெரியக்கா படித்தாள்.